விடாதீக என்று சொன்னது நான்தான்

நான் கட்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். சிரிக்கப் போகிறவர்கள், யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று தெரிந்துகொண்டு சிரிப்பது நல்லது.

அமராவதிபுதூர் சாலையில் இருக்கும் மரக்கடை நான் கட்டியது. அதை ஒட்டி ஓடுகிற, மரம் அறுக்கிற சா மில்லும் நான் கட்டியதுதான். என் அப்பா எனக்கு விட்டுப்போன சொத்து ஒரு வாச்சி, இரண்டு உளி, தேய்ந்துபோன ஒரு இழைப்புளி. ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. (நானாகத்தான் நின்றேன். வாத்தியாரைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லியிருப்பார். அவர் இப்போது இல்லை, அதனால் நான் சொல்வதுதான் வரலாறு.) கை தூக்கிவிட ஒரு ஆள் கிடையாது. "ஆசாரி மகனுக்கு எதுக்குய்யா மில்லு, கைரம்பம் பத்தாதா" என்று அன்றைக்குக் கேட்டவர்கள் இன்றைக்குத் தங்கள் வீட்டு நிலைக்கு என்னிடம்தான் மரம் அறுக்கிறார்கள்.

மில்லுக்குப் பின்னால் மாடி வைத்த வீடு. அந்த வீட்டுத் தலைவாசலைத் தனியாகச் சொல்ல வேண்டும். பர்மா தேக்கில் இரட்டைக் கதவு. இரண்டையும் திறந்து வைத்தால் ஒரு மாட்டுவண்டி நிலையில் உரசாமல் உள்ளே போகும். (வீட்டுக்குள்ள எதுக்குங்க மாட்டுவண்டி போகணும் என்று என் மனைவி சௌந்தரம் கேட்டாள். போக வேண்டியதில்லை. போக முடியும் என்பதுதான் பெருமை.)

அடுத்தது தண்ணீர்த் தொட்டி. மரக்கடைக்காரனுக்கு எமன் நெருப்பு. யாரோ வீசிய ஒரு பீடித் துண்டு போதும், மரத்தூள் மேல் விழுந்தால் ஒரு ஆயுள் உழைப்பு சாம்பல். அதனால் வீட்டுக்கு அஸ்திவாரம் போடுவதற்கு முன்பே தொட்டியைத் தூக்கி நிறுத்தினேன். எங்கள் சாலையிலேயே உயரமான தொட்டி அதுதான். கீழே வால்வைத் திறந்தால், தடித்த ரப்பர் குழாயில் வருகிற தண்ணீர் ஒரு ஆளை நெட்டித் தள்ளும். ஆட்களுக்கு நான் போட்ட சட்டமும் தொட்டி மாதிரியே உறுதியானது. "தீன்னு ஒரு குரல் கேட்டா யாரு, என்னன்னு விசாரிக்காதீங்கடா. குரல் வந்த பக்கம் ஊத்துங்க. நானே ஓடிவந்து நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தாதீங்க." (சரக்கு நனைகிறதே என்று மனசு கேட்காமல் பாதியில் நிறுத்தச் சொன்ன முதலாளிகளின் கடைகள்தான் முழுசாக எரிந்திருக்கின்றன. நான் என்னையே நம்பவில்லை. அவ்வளவு முன்யோசனை.)

கதவு, தொட்டி, சொன்ன சொல் தட்டாத ஆட்கள். இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றும் கூட்டுச் சேர்ந்து, ஒரு காலைப் பொழுதில் என் மகள் கல்யாணத்தைக் குழாயடிக்குக் கொண்டு வந்தன.

என் மகள் கோமதி கம்ப்யூட்டருக்கு ப்ரோக்ராம் எழுதுகிறவள். கம்பெனி கோயம்புத்தூரில், வேலை எங்கள் வீட்டு மேல்மாடியில். கல்லூரியில் படிக்கும்போது கராத்தே, பிறகு ஜூடோ, அப்புறம் சிவகங்கைக்குப் பஸ் ஏறிப் போய்ச் சிலம்பம் என்று கற்றுக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் அதே மாடியில் பெண்களுக்குத் தற்காப்பு வகுப்பு எடுக்கிறாள். கல்லூரிப் பிள்ளைகள் வருவார்கள். காரைக்குடி ஜவுளிக்கடைகளில் வேலை முடித்து, இருட்டிய பிறகு பஸ் பிடிக்கிற பெண்களும் வருவார்கள்.

நான் மாடிப்படியில் உட்கார்ந்து கேட்பேன். (ஒட்டுக்கேட்பது அல்ல. படி நான் கட்டியது.) அடி, உதை என்று சத்தம் வரும் என எதிர்பார்த்தால், அவள் கம்ப்யூட்டர் மொழிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பாள். வந்த பிள்ளைகளில் பாதிப் பேர் அந்தப் படிப்பு.

"எந்தச் சண்டை பெருசுன்னு கேக்காதீக. எந்த மொழி பெருசுன்னு கேக்குற மாதிரிதான் அது. சிலம்பம் இருக்குல்ல, அது சி மொழி. அம்புட்டு வேகமும் உங்க கையில. ஆனா உங்களைக் காப்பாத்த அதுக்குள்ள யாரும் கிடையாது. கவனம் தப்புனா உங்க கம்பு உங்க மண்டையிலதான் விழும். கராத்தே, ஜாவா. ஒரு வேலை ஆகணும்னா அதுக்கு முன்னாடி நிக்கிற முறை, வணங்குற முறை, ஏகப்பட்ட சடங்கு. ஆனா ஒழுங்கா வளத்துவிடும். ஜூடோவுல எதிராளி பலத்தையே எடுத்து அவனைத் தூக்கிப் போடுறோம். அது பைத்தான். யாரோ எழுதி வச்சதைக் கொண்டாந்து ரெண்டு வரியில வேலையை முடிச்சிரலாம். குத்துச்சண்டை எஸ்.க்யூ.எல். மொத்தமே நாலு கட்டளை. அதை வச்சே உலகம் ஓடுது."

"அப்ப சினிமாச் சண்டைக்கா?" என்று ஒரு பிள்ளை கேட்டது.

"அது எச்.டி.எம்.எல். பாக்க அழகா இருக்கும். மொழின்னு யாரும் ஒத்துக்க மாட்டாக."

மாடியே சிரித்தது. நானும் படியில் சிரித்தேன். எதற்கு என்று தெரியாது, ஆனால் விஷயம் பிடிபட்டுவிட்டது. வாச்சி செதுக்கும், உளி குடையும், இழைப்புளி வழவழப்பாக்கும். இதில் எது பெரிசு என்று எந்த ஆசாரியாவது கேட்பானா? இவ்வளவு சின்ன விஷயத்துக்கா பிள்ளைகள் நாலு வருடம் கல்லூரிக்குப் போகிறார்கள் என்று இருந்தது.

கடைசியில் கோமதி சொன்னதுதான் முக்கியம். "பஸ் ஸ்டாண்டுல ஒருத்தன் கையைப் பிடிச்சா, அங்கன நின்னு மொழி கத்துக்கிட்டு இருக்க முடியாது. நாலு வரி ப்ரோக்ராம் போதும். பாரு, கத்து, கையை எடு, ஓடு. கத்தும்போது காப்பாத்துங்கன்னு கத்துனா, நமக்கெதுக்குன்னு ஆளு ஒதுங்கும். தீன்னு கத்துனா நாலு பேரு எட்டியாவது பாப்பாக."

கையை எடுப்பது எப்படி என்று பிறகு செய்து காட்டினாள். படியிலிருந்து காது கேட்கும், கண் தெரியாது. அதனால் அந்தப் பாகத்தை நானே ஊகித்துக்கொண்டேன். இழுத்தால் வந்துவிடப் போகிறது.

ஊகம் சரிதானா என்று பார்க்க வேண்டுமே. மறுநாள் மில்லில் பாண்டியைக் கூப்பிட்டேன். பாண்டி எங்கள் தலைமை ஆள், தனியாளாக உத்தரத்தைப் புரட்டுகிறவன். "என் மணிக்கட்டைப் பிடிடா" என்றேன். பிடித்தான். இழுத்தேன். வந்துவிட்டது. மறுபடி பிடிக்கச் சொன்னேன், மறுபடி வந்தது. அடுத்தடுத்து எல்லா ஆட்களையும் பிடிக்கச் சொன்னேன். ஒருவன் பிடியும் நிற்கவில்லை. எனக்குள் இப்படி ஒரு வித்தை இத்தனை காலம் சும்மா கிடந்திருக்கிறதே என்று அன்று மத்தியானம் எனக்குத் தூக்கம் வரவில்லை. (சனிக்கிழமை சம்பளம் கொடுக்கிற கையை எவ்வளவு நேரம் இறுக்கிப் பிடிப்பது என்று அவர்களுக்கும் ஒரு யோசனை இருந்திருக்கும். அது எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை.)

இந்த நேரத்தில்தான் திருப்பத்தூரிலிருந்து வரன் வந்தது. பையன் சரவணன், அவனும் கம்ப்யூட்டர் வேலை. அப்பா பத்தர், நகைவேலையில் பேர் வாங்கியவர். எங்கள் வகையறாவிலேயே நல்ல குடும்பம். எல்லாம் பொருந்தியது, ஒன்றைத் தவிர. பையனின் அம்மா சிவகாமி, தரகரிடம் ஒரு கேள்வி கேட்டு அனுப்பியிருந்தார்: "பொண்ணு அடிதடி சொல்லிக்குடுக்குதாமே, வீட்டுக்கு வந்தா யாரை அடிக்கும்?"

முந்தின இரண்டு வரன்கள் இதே கேள்வியோடு நின்றுபோயிருந்தன. அப்போதெல்லாம் கோமதி கவலைப்பட்டதில்லை. இந்த முறை மட்டும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, அவர்கிட்ட ஃபோன்ல பேசினேன். என் கிளாஸைப் பத்திச் சொன்னதும் சிரிக்கலை, கேள்வி கேட்டாரு. எனக்குப் பிடிச்சிருக்குப்பா."

"அப்புறம் என்ன தாயி, முடிச்சிரலாம்."

"அவங்க அம்மாகிட்ட நானே பேசிக்கிறேன். நீங்க அன்னைக்குக் கொஞ்சம் பேசாம இருங்க. அது போதும்."

வாழ்க்கையில் என் மகள் என்னிடம் கேட்டது மிகக் குறைவு. கேட்டதில் நான் கொடுக்க முடியாமல் போனது இது ஒன்றுதான்.

பெண் பார்க்க வருகிற அன்று மில்லுக்கு லீவு விட்டேன். ஆனால் ஆட்களை வரச் சொன்னேன். எல்லாரும் வெள்ளை வேட்டி சட்டையில் தொட்டியடியில் வரிசையாக நிற்க வேண்டும், வருகிறவர்கள் பார்க்க வேண்டும் என்று ஏற்பாடு. தலைவாசல் இரண்டு கதவும் விரியத் திறந்து வைக்கப்பட்டது. அவர்கள் வாடகைக் காரில் வந்து இறங்கினார்கள். பத்தர் ஒல்லியான மனிதர், பேச்சு காதருகில் வந்தால்தான் கேட்கும். சிவகாமி அம்மாள் அரக்குப் பட்டில் வந்திருந்தார். உட்காரும்போதே சொல்லிவிட்டார்.

"காபி மட்டும் குடுங்க. பேச்சு முடிவாகாம கை நனைக்கிறதில்ல. எங்க வீட்டுப் பழக்கம்."

ஒரு வீட்டில் சாப்பிட்டுவிட்டால் சம்பந்தம் பேசி முடித்த மாதிரி. அதனால் காபியோடு நிறுத்திக்கொள்வது எங்கள் பக்கத்தில் உள்ளதுதான். சௌந்தரம் உள்ளே வடை சுட்டு, சோறு வடித்து வைத்திருந்தாள். முகம் வாடாமல் காபியை மட்டும் கொண்டுவந்தாள்.

கொஞ்ச நேரம் பேசாமல்தான் இருந்தேன். எவ்வளவு நேரம் என்று சௌந்தரம் ஒரு கணக்குச் சொல்கிறாள், அது என்னை அவமானப்படுத்தச் சொல்வது. பையன் மரியாதையாக உட்கார்ந்திருந்தான். கம்ப்யூட்டர் தெரியாத வீட்டில் சம்பந்தம் செய்கிறோம் என்று அவன் நினைத்துவிடக் கூடாதே. லேசாகத் தொண்டையைச் செருமினேன்.

"மாப்பிள்ளை, ஜாவாவுல எத்தனை பெல்ட் வாங்கியிருக்கீக?"

கோமதி கண்ணை மூடிக்கொண்டாள். சரவணன் ஒரு நொடி என்னைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான். புரிந்துவிட்டது போல.

"ரொம்ப வருசமா எழுதுறேன் மாமா. இன்னும் வெள்ளை பெல்ட்டுதான்."

நல்ல பையன் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். அடக்கம் இருக்கிறது. இவர்கள் இரண்டு பேருக்கும் இடையில் ஒரு வாக்குவாதம் ஏற்கெனவே ஃபோனில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது, அது அங்கே தொடர்ந்தது. ஒரு மொழியை ஆழமாகக் கற்றுக்கொண்டவன் எந்த மொழியிலும் பிழைப்பான் என்பது அவன் கட்சி.

"பிழைக்கலாம்ங்க. ஆனா ஜவுளிக்கடைப் பிள்ளைக்கு ஆழமாக் கத்துக்க எங்க நேரம்? அன்னைக்கு ராத்திரியே உதவணும்ல" என்றாள் கோமதி.

சிவகாமி அம்மாள் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "நெசமாவே உதவுமாம்மா இதெல்லாம்? ஒரு ஆம்பளை பிடிச்சா விடுவிக்க முடியுமா?"

கேட்ட குரலில் குத்தல் இல்லை, தெரிந்துகொள்கிற ஆசைதான் இருந்தது. கோமதி நிமிர்ந்து உட்கார்ந்தாள். இந்தக் கேள்விக்காகத்தான் அவள் காத்திருந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் நான் எழுந்துவிட்டேன்.

"அதை நான் காட்டுறேன்."

"அப்பா" என்றாள் கோமதி.

"இரு தாயி. அண்ணே, எந்திரிங்க. என் கையைப் பிடிங்க."

பத்தர் கூச்சப்பட்டார். "எதுக்குண்ணே, இருக்கட்டும்."

"பிடிங்கங்கிறேன். நல்லா இறுக்கி. நான் என்ன சொன்னாலும் விடாதீக. விடுங்கன்னு கெஞ்சினாலும் விடாதீக. கெஞ்சுறது நடிப்பு."

பத்தர் என் மணிக்கட்டைப் பிடித்தார். நான் சபையை ஒருமுறை பார்த்துவிட்டு இழுத்தேன்.

வரவில்லை.

கை வழுக்கியிருக்கும் என்று நினைத்து மறுபடி இழுத்தேன். என் தோள் வந்தது, கை வரவில்லை. ஒரு விஷயத்தை நான் யோசிக்காமல் விட்டுவிட்டேன். வாழ்நாள் பூராவும் தங்கத்தைக் கம்பியாக இழுத்த கை அது. குறட்டில் பிடித்த கம்பியை நழுவவிட்டால் வேலை கெடும் என்று பழகிய விரல்கள். ஆள் ஒல்லி, பிடி குறடு. தவிர, அவருக்கு நான் சம்பளம் கொடுப்பவனும் அல்ல.

"வலிக்குதாண்ணே?" என்று பத்தர் காதருகில் கேட்டார்.

"சேச்சே. பிடிங்க, பிடிங்க."

சுற்றினேன். அவரும் கூடவே சுற்றினார். குனிந்து இழுத்தேன். இரண்டு பேரும் கூடத்தை ஒரு வலம் வந்தோம். சிவகாமி அம்மாள் கோமதியைக் கேட்டார்.

"இது எந்த மொழிம்மா?"

"இது அப்பாவே எழுதுனது, அத்தை."

எனக்கு வியர்த்துவிட்டது. பத்தரை நெருங்கி மெதுவாகச் சொன்னேன். "போதும்ணே. விட்ருங்க."

பத்தர் சிரித்தார். "நடிப்புன்னு சொல்லிட்டீகள்ல." பிடி இன்னும் ஒரு சுற்று இறுகியது.

அப்போதுதான் கோமதியின் நாலு வரி நினைவுக்கு வந்தது. பாரு, கத்து, கையை எடு, ஓடு. நான் பார்த்தேன், பார்த்தவுடன் நேராகக் கையை எடுக்கப் போய்விட்டேன். நடுவில் ஒரு வரியைத் தாண்டிவிட்டேன், அதனால்தான் வரவில்லை. கம்ப்யூட்டரில் ஒரு வரி விட்டுப்போனால் மொத்தமும் நின்றுவிடும் என்று அவள் எத்தனை முறை சொல்லியிருக்கிறாள். மூச்சை நன்றாக இழுத்து, மில் ரம்பத்தின் சத்தத்துக்கு மேல் கத்திப் பழகிய குரலில் கத்தினேன்.

"தீ!"

தொட்டியடியில் என் ஆட்கள் வெள்ளைச் சட்டையோடு வரிசையாக நின்றிருந்தார்கள் என்பதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நான் மறந்திருந்தேன்.

யாரு, என்னன்னு அவர்கள் விசாரிக்கவில்லை. அந்த வகையில் எனக்கு இன்றும் பெருமைதான். முதலில் பாண்டி ஒரு வாளியோடு வந்தான், அது என் மேலும் பத்தர் மேலும். இரண்டாவது வாளி மணல், அது பழத்தட்டின் மேல். அதற்குள் ஒருவன் வால்வை முழுசாகத் திறந்துவிட்டான். இரண்டு பேர் குழாயைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். தலைவாசலில் எங்கேயும் உரசாமல், அவ்வளவு சுலபமாக, குழாய் கூடத்துக்குள் நுழைந்தது. உயரமான தொட்டி. தண்ணீர் முதலில் காபி டம்ளர்களை எடுத்தது. பிறகு நாற்காலிகளை. பிறகு அரக்குப் பட்டு உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பியது.

"நிறுத்துங்கடா" என்று கத்தினேன்.

"சொன்ன சொல்லு ஞாபகம் இருக்கு மொதலாளி" என்று பாண்டி பதிலுக்குக் கத்தினான். "நீங்க சொன்னாலும் நிறுத்த மாட்டோம்."

அடுத்த வாளி எனக்குத் தனியாக வந்தது.

சரவணன் ஒரு பெரிய பித்தளைத் தாம்பாளத்தை எடுத்து அம்மாவின் முன்னால் பிடித்துக்கொண்டு, "வால்வு எங்க இருக்கு" என்று கேட்டான். கோமதி அதற்குள் பட்டுச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே ஓடியிருந்தாள். அவன் தாம்பாளத்தை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் பின்னாலேயே ஓடினான். அந்த வால்வு தனியாளுக்குத் திறக்கும், மூடாது. (உறுதியாக இருக்கட்டும் என்று நான்தான் அப்படி வாங்கிப் போட்டேன்.) இரண்டு பேரும் சேர்ந்து திருகியிருக்கிறார்கள். தண்ணீர் நின்றது.

கூடத்தில் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. நானும் பத்தரும் தரையில் உட்கார்ந்திருந்தோம். என் கை இன்னும் அவர் கையில்தான் இருந்தது. சொன்ன சொல் தட்டாதவர்கள் என் மில்லில் மட்டும் இல்லை.

கோமதி உள்ளே வந்து அவர் பக்கத்தில் குந்தினாள். "மாமா, எங்க அப்பா சொன்னதை விட்ருங்க. இப்ப நான் சொல்றேன். கையை எடுங்க."

உடனே எடுத்துவிட்டார். "முன்னாடியே யாராச்சும் வந்து சொல்லியிருந்தா விட்டிருப்பேனேம்மா. அவருதான் தாம் பேச்சை நம்பாதேன்னுட்டாரு."

கோமதி என் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள். சிவந்திருந்தது. "அப்பா, நிறுத்துறதுக்கு வழி வைக்காம யாருக்கும் எதையும் சொல்லாதீகப்பா. மில்லுலயும் அதையே பண்ணி வச்சிருக்கீக, இங்கயும் அதையே பண்ணியிருக்கீக. இப்படி ஒரு ப்ரோக்ராம் எழுதுனா எங்க ஆபீஸ்ல வேலையை விட்டுத் தூக்கிருவாக."

அவள் குரல் உடைந்திருந்தது. அதைக் கேட்டபோதுதான் நான் எதைக் கெடுத்தேன் என்று எனக்கு உறைத்தது.

சிவகாமி அம்மாள் எழுந்து நின்றார். பட்டிலிருந்து தண்ணீர் ஒழுகியது. யாரையும் பார்க்காமல், "கிளம்புவோம்" என்றார். கோமதி தலையைக் குனிந்துகொண்டாள்.

இந்த இடத்தில் எங்கள் குடும்பத்தைக் காப்பாற்றியவர் வாடகைக் காரின் டிரைவர். சத்தம் கேட்டு வாசலில் வந்து எட்டிப் பார்த்தவர், எல்லாரையும் ஏற இறங்கப் பார்த்தார். "இப்படியே ஏறுனா சீட்டு என்னத்துக்காகும்மா? புதுசு. காஞ்ச பிறகு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுக் காருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வேறு வழியில்லை. சௌந்தரம் சிவகாமி அம்மாளை உள்ளே அழைத்துப் போய்த் தன்னுடைய சுங்குடிச் சேலை ஒன்றைக் கொடுத்தாள். பத்தர் என் வேட்டியைக் கட்டிக்கொண்டார், அது அவரை இரண்டு சுற்றுச் சுற்றியது. பட்டு, கொடியில் காய்ந்தது. என்னை அடுக்களை வாசலுக்கு வெளியே ஒரு முக்காலியில் உட்கார வைத்தார்கள், பேசக் கூடாது என்ற கட்டளையோடு. இந்த முறை பேசவில்லை. ஆனால் அங்கிருந்து காதும் கேட்கும், கண்ணும் தெரியும்.

சௌந்தரம் துண்டை வைத்து சிவகாமி அம்மாளின் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். கோமதி சுவரோரம் நின்றாள்.

"அப்படி என்னதான் சொல்லிக்குடுக்குற" என்று சிவகாமி அம்மாள் கேட்டார், "பெத்த அப்பாவுக்கே வரலை?"

"அப்பா என் கிளாசுக்கு வந்ததே இல்ல அத்தை. படியில உக்காந்து கேட்டதோட சரி."

"எங்க, காட்டு."

கோமதி தன் கையை அவரைப் பிடிக்கச் சொன்னாள். "பாருங்க. நாலு விரலு ஒரு பக்கம், கட்டைவிரலு மட்டும் தனியா. எம்புட்டுப் பலசாலியா இருந்தாலும் அந்தத் தனி விரலுதான் பூட்டோட வாய். பின்னால இழுக்கக் கூடாது. அவங்களைப் பாத்து ஒரு எட்டு முன்னால வச்சு, கட்டைவிரல் பக்கமாக் கையைத் திருப்பி, முழங்கையை மடக்குங்க." கை வெளியே வந்துவிட்டது. இழுத்த மாதிரியே தெரியவில்லை.

முன்னால் போக வேண்டுமாம். நான் கூடம் பூராவும் பின்னாலேயே போயிருக்கிறேன்.

சிவகாமி அம்மாள் கோமதியிடம் இரண்டு மூன்று முறை செய்து பார்த்தார். பிறகு குரல் கொடுத்தார். "என்னங்க, இங்குட்டு வாங்க."

பத்தர் என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"என் கையைப் பிடிங்க."

பத்தர் முக்காலியில் இருந்த என்னை ஒரு பார்வை பார்த்தார். "விடணுமா, விடக்கூடாதா? அதை முதல்லயே சொல்லிரு."

"பிடிங்க. பாத்துக்குவோம்."

பிடித்தார். சிவகாமி அம்மாள் ஒரு எட்டு முன்னால் வைத்தார், கையைத் திருப்பினார், மடக்கினார். எனக்கும், கூடத்தைச் சுற்றிய ஒரு வலத்துக்கும் மசியாத அந்தப் பிடி சத்தமில்லாமல் திறந்துகொண்டது. பத்தர் தன் வெறும் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னொருக்கப் பிடிங்க" என்றார் சிவகாமி அம்மாள். மறுபடி திறந்தது. "இடது கையால பிடிங்க." அதுவும் திறந்தது. அதற்குப் பிறகுதான் சிரிக்க ஆரம்பித்தார். அப்படிச் சிரித்து நான் அதுவரை யாரையும் பார்த்ததில்லை. முதலில் தோள் குலுங்கியது, பிறகு கண்ணில் தண்ணீர். சௌந்தரமும் சேர்ந்துகொண்டாள். "கல்யாணமான நாளையிலிருந்து இவுக கையில இருக்க சாவிக்கொத்தைப் பிடுங்க முடிஞ்சதில்ல தெரியுமா, சௌந்தரம்?" என்றார் சிவகாமி அம்மாள்.

சுவரோரம் நின்ற கோமதி மட்டும் சிரிக்கத் தைரியமில்லாமல் நின்றாள். சிவகாமி அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். யாரை அடிக்கும் என்று தரகரிடம் கேட்டு அனுப்பிய அந்தக் கேள்வியை எடுக்கவில்லை. சௌந்தரத்தின் பக்கம் திரும்பி வேறொன்று கேட்டார்.

"சோத்துக்கு என்ன வச்சிருக்க?"

சௌந்தரத்துக்குக் கை ஓடவில்லை. இலை எடுக்கப் போனவள் என்னைத் தாண்டும்போது முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டு போனாள். கோமதி கூடத்துப் பக்கம் பார்த்தாள். அங்கே சரவணன் பாண்டியோடு சேர்ந்து விளக்குமாற்றால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தான்.

கல்யாணம் ஐயர், மேளம், கூட்டம் என்று குறைவில்லாமல் நடந்தது. இப்போது எந்த விசேஷ வீட்டிலும் நான் பேச எழுந்தால், எங்கள் குடும்பத்தில் யாராவது ஒருவர், "வால்வு பக்கத்துல ஆள் நிக்கிதா பாருங்கப்பா" என்பார்கள். பெரும்பாலும் பத்தர்தான். இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் அவர் குரல் நன்றாகக் கேட்கிறது. மில்லிலும் சட்டத்தைத் திருத்திவிட்டேன். தீ என்றால் முதலில் ஒருவன் எட்டிப் பார்க்க வேண்டும், கோமதி நிறுத்தச் சொன்னால் நிறுத்த வேண்டும்.

மகளும் மாப்பிள்ளையும் இப்போது சேர்ந்தே வகுப்பு எடுக்கிறார்கள். கல்லூரிகளில் கூப்பிடுகிறார்கள். சுவரில் படம் காட்டி, சிலம்பம் சி, கராத்தே ஜாவா என்று ஆளுக்கு ஒரு பக்கம் பேசுவார்கள். போன மாதம் என்னையும் அழைத்துப் போனார்கள், முன்வரிசையில் நாற்காலி. கடைசிப் பாடம் வந்தது. திரையில் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள்: "வெளியே வரும் வழியை முதலில் எழுது." அதற்குக் கீழே, "ஒரு பெரியவருக்கு நடந்தது."

கோமதி கதையைச் சொன்னாள். அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது. எனக்குச் சந்தோஷம்தான். பக்கத்தில் இருந்த பேராசிரியரிடம், "அது நான்தான்" என்றேன். அவர் நம்பவில்லை. மரியாதைக்குத் தலையாட்டினார்.

அதன் பிறகு நன்றி சொல்கிற படம் வந்தது. சிலம்பம் சொல்லிக்கொடுத்தவர் பெயர், மைக்செட் வைத்தவர் பெயர், சிவகாமி அம்மாள் பெயர் (இப்போது ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் அவர்தான் மூத்த மாணவி) எல்லாம் இருந்தன. பாண்டியின் பெயர் கூட இருந்தது, வகுப்பில் பிள்ளைகள் கையைப் பிடிக்கிற முரடனாக நிற்பதற்காக. இப்போதெல்லாம் அவன் விடுவதே இல்லையாம். என் பெயரைத் தேடினேன். படம் மாறிவிட்டது.

வரும் வழியில் காரில் கேட்டேன். "உங்க மானம் போகக் கூடாதுன்னுதான்ப்பா பேரு போடலை" என்றாள் கோமதி.

யாருக்கு வேண்டும் அந்த மானம்? பத்தரைப் பிடிக்கச் சொன்னது யார், விடாதே என்றது யார், தொட்டியை அவ்வளவு உயரத்தில் கட்டியது யார்? நான் இழுத்து வராமல் போனதால்தானே சிவகாமி அம்மாள் செய்து பார்த்தார்? அன்றைக்கு என் கை சுலபமாக வந்திருந்தால் காபியோடு எழுந்து போயிருப்பார்கள்.

அதனால் மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் இதை எழுத்திலேயே சொல்லிவைக்கிறேன். அடுத்த கூட்டத்துக்கு முன்னால் அந்தப் "பெரியவரை" எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் மு. சுப்பையா ஆசாரி, மரக்கடை, அமராவதிபுதூர் சாலை என்று போடுங்கள். பாண்டி பெயரை விடப் பெரிய எழுத்தில் இருக்கட்டும். போட்டோவும் வேண்டும். நான் நனைந்து நிற்கிற போட்டோ ஒன்றுதான் இருக்கிறது என்றால், அதையே போடுங்கள்.